நெட் எதுவரை வந்திருக்கிறது? கணினி வலையமைப்பைப் புதிதாகக் கற்பவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் குழாயில் தண்ணீர் வராத காலையில் யாரும் எடுத்த எடுப்பில் குடிநீர் வாரியத்துக்கு ஃபோன் செய்வதில்லை. பக்கத்து வீட்டில் வருகிறதா என்று முதலில் கேட்பார்கள். அங்கே வந்தால் கோளாறு நம் வீட்டுக் குழாயில். அங்கும் இல்லை என்றால் தெருமுனை அடிபம்பை நாலு முறை அடித்துப் பார்ப்பார்கள். அதுவும் காற்றைத்தான் கக்குகிறது என்றால் அடுத்த தெரு. ஐந்தே நிமிடத்தில், தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது, எங்கே நின்றுவிட்டது என்பது தெருவுக்கே தெரிந்துவிடும்.

வலையமைப்பு கற்க வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்வது இதைத்தான். ‘நெட் வரவில்லை’ என்று சொல்லாதீர்கள். எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வட சென்னையில் சின்னக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கேபிள் இழுத்து ரவுட்டர் பொருத்தித் தருவது என் தொழில். மாலை நேரத்தில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் தொழில் பழக வருகிறார்கள். பலர் டிப்ளமோ முடித்தவர்கள். வலையமைப்பின் வேலைகளை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளை வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். நெட் இல்லாத ஒரு லேப்டாப்பைக் கையில் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை. ஒரு ஒயரைக்கூடத் தொடவிடாமல் பாடம் நடத்தியவர்களின் குற்றம். அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருகிற வரிசையிலேயே இங்கும் எழுதுகிறேன். தேவையானவை கேபிள் செருகும் துளை உள்ள ஒரு லேப்டாப், வீட்டில் ஒரு நெட் இணைப்பு, ஒரு நோட்டு, ஒரு பேனா. லேப்டாப் பழையதாக இருந்தாலும் போதும்.

சுவரோரப் பெட்டி

ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில், மின்கம்பங்கள் வழியாக வந்து ஜன்னலில் நுழையும் மெல்லிய கறுப்பு ஒயர் ஒரு பெட்டியில் முடியும். அந்த ஒயருக்குள் செய்தியைச் சுமப்பது கண்ணாடி இழை. ஒளி ஓடும் அதன் நடுப்பகுதியின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பதற்காகக் கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். இதில் நான் மிகவும் கண்டிப்பு.

பெட்டியின் முகப்பு விளக்குகளைப் பாருங்கள். ‘பான்’ விளக்கு பச்சையாக அசையாமல் எரிந்தால் நெட் கம்பெனியின் கருவியோடு உங்கள் பெட்டி பேசிக்கொண்டிருக்கிறது. அது விட்டுவிட்டு எரிந்தால் இன்னும் பேச முயல்கிறது. ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. இந்த நிலையில் பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. பீரோவுக்குப் பின்னால் ஒயர் மடங்கியிருக்கிறதா, ஜன்னல் கதவில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி இழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். மடிப்பை நிமிர்த்தியும் சிவப்பு போகவில்லை என்றால் ஃபோன் செய்து, ‘லாஸ் சிவப்பு எரிகிறது’ என்று சொல்லுங்கள். வருகிறவர் அதற்கேற்ற கருவியோடு வருவார்.

உங்கள் போர்ஷன் எது?

விளக்குகள் சரியாக இருக்கின்றன. இப்போது லேப்டாப்புக்கு வாருங்கள். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் சி, எம், டி (cmd) என்ற மூன்று எழுத்துகளை அடித்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை திறக்கும். அங்கே ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று இடைவெளி விடாமல் அடியுங்கள். வரும் வரிகளில் மூன்றை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஐபிவி4 அட்ரஸ், சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வே. பல வீடுகளில் இவை 192.168.1.7, 255.255.255.0, 192.168.1.1 என்பதுபோல இருக்கும்.

ராயபுரத்துப் பழைய ஒண்டுக்குடித்தன வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவைப் பார்த்த வாசல் ஒன்றுதான். உள்ளே பத்துக் குடும்பங்கள். தபால்காரருக்குக் கதவு எண் மட்டும் போதும். கிணற்றடி போர்ஷன், மாடிப்படிக்குக் கீழே உள்ள போர்ஷன் என்பதெல்லாம் உள்ளே இருப்பவர்களின் கணக்கு. 192.168.1.7 என்பது கிணற்றடி போர்ஷன். 192.168.1.1 என்ற கேட்வே, வாசலில் உட்கார்ந்திருக்கும் ரவுட்டர். உள்ளேயிருந்து யார் கடிதம் அனுப்பினாலும் ரவுட்டர் அதன்மேல் வீட்டின் கதவு எண்ணை எழுதி அனுப்புகிறது. பதில் வந்ததும் இது எந்தப் போர்ஷனுக்கு என்று நினைவு வைத்திருந்து உள்ளே சேர்க்கிறது. இந்த வேலைக்கு நேட் என்று பெயர்.

கிணற்றடி போர்ஷன் எல்லா ஒண்டுக்குடித்தன வீடுகளிலும் இருக்கலாம். அதுபோல 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உலகம் முழுக்க லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கின்றன. 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் இதே இனம். உள்வீட்டுப் பயன்பாட்டுக்கென்று இவற்றை ஒதுக்கிவைக்கும் விதி 1996இல் வெளியானது. காரணம் எளிது. ஐபிவி4 முறையில் மொத்தம் இருப்பதே 429,49,67,296 முகவரிகள்தாம். உலகில் ஆளுக்கு ஒன்று கொடுக்கக்கூடப் போதாது.

மாஸ்க்கில் 255 இருக்கும் இடமெல்லாம் தெருப் பெயர், 0 இருக்கும் இடம் போர்ஷன் எண் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி எண் 0 தெருவுக்கே உரியது. 255 எல்லோரையும் சேர்த்துக் கூப்பிடுவதற்கு. மீதி 254 எண்களைக் கருவிகளுக்குக் கொடுக்கலாம். மாஸ்க் கணக்கை ஆழமாகப் போடுவதற்குப் பின்னால் நேரம் இருக்கிறது.

இந்த முகவரியை லேப்டாப்புக்கு யார் கொடுத்தார்கள்? ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி என்ற சேவை. அது முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கடனாகத்தான் கொடுக்கிறது. இன்று 7 என்று இருந்த கருவி இன்னொரு நாள் 12 ஆகலாம். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்களோடு அலைந்தவர்களுக்கு இதன் தொல்லை புரியும். பின்னால் ஒரு பிரிண்டர் கதை வருகிறது. அங்கே இது உதவும்.

ஐபிகான்ஃபிக் அடித்தபோது 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் உடனே அதை அடிக்கோடிடுங்கள். கணினி முகவரி கேட்டது, யாரும் பதில் சொல்லவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அதற்குப் பொருள். கேபிள் கோளாறாகவோ ரவுட்டர் கோளாறாகவோ இருக்கும். அதைத் தாண்டி எதையும் ஆராய வேண்டாம்.

நான்கு பிங்

அதே கறுப்புத் திரையில் பிங் (ping) என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு முகவரியை அடித்தால் கணினி அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்தால் எத்தனை மில்லிவினாடி ஆனது என்று காட்டும். இந்தச் சிறு கருவி 1983இல் எழுதப்பட்டது. இன்றும் நான் காலையில் முதலில் தொடுவது இதைத்தான். நான்கு இடங்களை இதே வரிசையில் கூப்பிடுங்கள்.

முதலில் 127.0.0.1. இது உங்கள் கணினியே. இங்கே பதில் வராவிட்டால் கோளாறு விண்டோஸின் வலையமைப்பு மென்பொருளில். இது மிக அரிது.

இரண்டாவது கேட்வே, அதாவது 192.168.1.1. கேபிள் வழியாக என்றால் ஒரு மில்லிவினாடிக்குள் பதில் வர வேண்டும். வைஃபை என்றால் சில மில்லிவினாடிகள். இங்கே தடுமாறினால் வெளியே இருக்கும் யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். உங்கள் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள சில அடிகளில்தான் பிரச்சினை. நான் பார்த்த ‘நெட் வரவில்லை’களில் பெரும்பாலானவை இந்தச் சில அடிகளுக்குள் முடிந்தவை.

மூன்றாவது 8.8.8.8. இது கூகுள் நடத்தும் பொதுச் சேவை ஒன்றின் முகவரி. கேட்வே பதில் சொல்லி இது பதில் சொல்லாவிட்டால், வாசல்வரை சரி, தெருவில்தான் கோளாறு. நெட் கம்பெனிக்கு ஃபோன் செய்ய வேண்டிய இடம் இது.

நான்காவது, எண்ணுக்குப் பதிலாக ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயரை அடித்து பிங் செய்யுங்கள். எண் வேலை செய்து பெயர் வேலை செய்யாவிட்டால் கோளாறு டிஎன்எஸ்ஸில். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் சேவை அது. நாம் பெயர்களை நினைவில் வைக்கிறோம், இயந்திரங்கள் எண்களைத் தேடிப் போகின்றன. நடுவில் மொழிபெயர்ப்பவர் காணாமல் போனால் எல்லாம் நின்றதுபோலத் தெரியும். அப்போது வலையமைப்பு அமைப்புகளில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கொடுத்துப் பாருங்கள்.

பதில் வராதபோது திரை என்ன சொல்கிறது என்பதையும் படியுங்கள். ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்றால் அங்கே போக வழியே தெரியவில்லை. ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்றால் அனுப்பியாயிற்று, காத்திருந்த நேரத்துக்குள் பதில் இல்லை. சில சர்வர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதில்லை என்றே வைத்திருப்பார்கள். அதனால் ஓர் இணையதளம் பதில் சொல்லவில்லை என்பதற்காக மட்டும் அது படுத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

ஒரு கேபிளை உங்கள் கையால் செய்யுங்கள்

கடையில் கிடைக்கும் ஆயத்த கேபிள் நல்லதுதான். ஆனாலும் ஒருமுறையாவது நீங்களே செய்து பார்க்க வேண்டும். ரிச்சி தெருவுக்குப் போய் கேட் 6 கேபிள் ஐந்து மீட்டர், ஆர்ஜே 45 கனெக்டர் பத்து, கிரிம்பிங் டூல் ஒன்று, எட்டு விளக்கு டெஸ்டர் ஒன்று வாங்குங்கள். கேபிளை வாங்குமுன் உள்ளிருக்கும் ஒயர் ஒன்றின் முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு, ஆனால் நாலு முறை வளைத்தால் ஒடிந்துவிடும். முழுச் செம்பாகக் கேட்டு வாங்குங்கள்.

வெளித்தோலை ஓர் அங்குலம் உரித்தால் முறுக்கிய நான்கு ஜோடிகள் இருக்கும். அவற்றைப் பிரித்து நேராக்கி இந்த வரிசையில் அடுக்குங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கனெக்டரின் கொக்கி கீழே இருக்க, ஒயர் நுழையும் வாய் உங்களைப் பார்த்திருக்கப் பிடித்தால், இடது ஓரம் முதல் இடம். எட்டையும் சமமாக வெட்டி, ஒயர் முனைகள் கனெக்டரின் எதிர்ச்சுவரைத் தொடும்வரை தள்ளுங்கள். வெளித்தோலும் கனெக்டருக்குள் கொஞ்சம் போயிருக்க வேண்டும். பிறகு கிரிம்பிங் டூலில் வைத்து ஒரே அழுத்து. மறுமுனைக்கும் இதே வரிசை.

இந்த வரிசையில் பச்சை ஜோடி ஏன் நீலத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து உட்கார்ந்திருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பெண் கேட்கவில்லை. அவருடைய அப்பா மீன் வலை பின்னுகிறவர். மெல்லிய இழைகளைக் கையாளும் பழக்கம் விரலிலேயே இருந்ததால் முதல் கேபிளையே அழகாகச் செய்தார். ஜோடி ஜோடியாக வைப்பதுதான் முறை என்று நினைத்து, ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று இரண்டு முனைகளிலும் ஒரே மாதிரி அடுக்கிவிட்டார். டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. லேப்டாப்பில் செருகினால் இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது.

ஏன் என்று இருவரும் உட்கார்ந்து ஒயர் ஒயராகப் பார்த்தோம். 1, 2 ஒரு ஜோடியாகவும், 3, 6 இன்னொரு ஜோடியாகவும் சேர்ந்துதான் செய்தியைச் சுமக்கின்றன. ஜோடியின் இரண்டு ஒயர்களும் ஒன்றோடொன்று முறுக்கியிருந்தால்தான் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் விழுந்து, மறுமுனையில் கழிந்துபோகும். அவருடைய கேபிளில் 3இல் வெள்ளை-பச்சை இருந்தது, 6இல் நீலம் இருந்தது. ஒன்றோடொன்று உறவே இல்லாத இரண்டு ஒயர்கள். டெஸ்டருக்கு இந்த முனையில் விட்ட மின்சாரம் அந்த முனைக்கு வருகிறதா என்று மட்டும்தான் தெரியும், யார் யாரோடு முறுக்கியிருக்கிறார்கள் என்று தெரியாது. அவர் இரண்டு முனைகளையும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்தார். இப்போது கேபிள் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை அவர்தான் நடத்துகிறார்.

முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். இன்னொன்று: 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு ஒயர்கள் போதும், 1000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். புதிய ரவுட்டர், புதிய லேப்டாப், ஆனாலும் வேகம் 100ஐத் தாண்டவில்லை என்றால் எங்கோ ஓர் ஒயர் சரியாக அழுந்தவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஒரே நீளமாக இழுப்பதற்கு எல்லை 100 மீட்டர். கடலோரத் தெருக்களில் உப்புக்காற்று கனெக்டரின் தொடுமுனைகளைப் பச்சை பிடிக்கச் செய்யும். துடைத்துக்கொண்டிருப்பதைவிட வெட்டிப் புதிது போடுவதே நல்லது.

இரண்டு வாசல் வைத்த கடை

எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கூப்பிட்டார்கள். “காலையில் பில் அடித்தது தம்பி, இப்போது பிரிண்டரே இல்லை என்கிறது. மதியம் தானாகவே வந்துவிடும், சாயங்காலம் போய்விடும்” என்றார் முதலாளி. கல்லாவில் வரிசை வாசல்வரை நின்றது.

பில் போடும் கணினியில் ஐபிகான்ஃபிக் அடித்தேன். கேட்வே 192.168.0.1 என்றது. பக்கத்துக் கணினியில் 192.168.1.1. ஒரே கடையில் இரண்டு வாசல். மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று யாரோ இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கிச் செருகியிருந்தார்கள். அதற்குள்ளும் ஒரு டிஎச்சிபி இருந்தது. எந்தக் கருவி எழுந்து முகவரி கேட்டாலும் இரண்டு ரவுட்டர்களும் பதில் சொல்லின. முதலில் சொன்னவர் சொல் நிலைத்தது. பிரிண்டர் ஒரு தெருவுக்கும், பில் கணினி இன்னொரு தெருவுக்கும் போன நேரமெல்லாம் பில் வரவில்லை.

இதைச் சரிசெய்யும் முறையைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கோளாறை நீங்கள் நிச்சயம் சந்திப்பீர்கள். இரண்டாவது ரவுட்டரைத் தனியாக ஒரு லேப்டாப்போடு இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். டிஎச்சிபியை அணையுங்கள். முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை இதன் ‘வான்’ (வெளி நெட்டுக்கான) துளையில் செருகாமல் ‘லான்’ (உள்ளே இருக்கும் கருவிகளுக்கான) துளைகளில் ஒன்றில் செருகுங்கள். முதல் ரவுட்டரில் டிஎச்சிபி கொடுக்கும் எண்களை 100 முதல் 200 வரை என்று கட்டுப்படுத்துங்கள். அப்போது 2ஐ வேறு யாருக்கும் அது கொடுக்காது. பிரிண்டருக்கு 192.168.1.50 என்று நிரந்தர முகவரி கொடுங்கள். எல்லோரும் தேடி வருகிற கருவிக்கு முகவரி மாறவே கூடாது.

அந்தக் கடையில் இத்தனையும் செய்ய இருபது நிமிடம்தான் ஆனது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் முன்பு வந்தவர்கள் பிரிண்டரையே மாற்றியிருந்தார்கள். ஏழை வியாபாரி வீணாகச் செலவழித்த அந்தப் பணம் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

வைஃபையைப் பற்றிச் சுருக்கமாக

நெருக்கமான தெருக்களில் பிரச்சினை, சுற்றியுள்ள வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில் பேசுவது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். ரவுட்டரை பீரோவின் பின்னாலோ தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். இரும்பு அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் விழுங்கிவிடும். வைஃபை கடவுச்சொல்லை மட்டுமல்லாமல், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல்லையும் வாங்கிய அன்றே மாற்றுங்கள். நகராத கருவிகளுக்கு, அதாவது டிவி, பில் கணினி, கேமரா போன்றவற்றுக்குக் கேபிளே சிறந்தது.

வேகக் கணக்கு ஒன்று. கம்பெனி சொல்லும் 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. கோப்பு இறங்கும்போது திரை காட்டுவது பைட் கணக்கு. எட்டால் வகுத்தால் வினாடிக்கு 12.5 மெகாபைட். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகுமுன் இதைச் செய்யுங்கள்.

வாசலுக்கு வெளியே

இப்போது ட்ரேசர்ட் (tracert) என்ற கட்டளை. ட்ரேஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி இ எழுத்தோடு ஆர், டி இரண்டும் சேர வேண்டும். பிறகு ஒரு இடைவெளி, பிறகு 8.8.8.8. வரிவரியாக முகவரிகள் இறங்கும். உங்கள் செய்தி கடந்துபோகிற ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு வரி. முதல் வரி உங்கள் வீட்டு வாசல். இரண்டாவது பெரும்பாலும் உங்கள் நெட் கம்பெனி. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி நடுவில் வந்தால், உங்கள் கம்பெனியும் பல வீடுகளை ஒரே வாசலுக்குள் வைத்திருக்கிறது என்று பொருள். வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாகப் பார்க்க முடியாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

ஒவ்வொரு ரவுட்டரும் செய்வது பேசின் பிரிட்ஜில் நடப்பதுதான். சென்ட்ரலில் புறப்பட்ட கும்மிடிப்பூண்டி வண்டி அங்கே கொருக்குப்பேட்டைப் பக்கம் பிரிகிறது. அரக்கோணம் வண்டி வியாசர்பாடி ஜீவா பக்கம் போகிறது. பாதையைத் திருப்பிவிடுகிறவருக்குப் பயணத்தின் கடைசிவரை தெரிய வேண்டியதில்லை. இந்த வண்டி இந்தத் தடத்தில் என்பது தெரிந்தால் போதும்.

சில செய்திகள் கடலுக்குள்ளேயும் இறங்கும். சிங்கப்பூர் செல்லும் கடலடி ஃபைபர்கள் பல சென்னைக் கரையில் ஏறி இறங்குகின்றன. அந்தமானின் போர்ட் பிளேருக்கும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) மற்ற தீவுகளுக்கும் போகும் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் 10 ஆகஸ்ட் 2020 முதல் சென்னையிலிருந்தே ஓடுகிறது. கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 3,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப 30 மில்லிவினாடி ஆகும். ஆகவே சிங்கப்பூர் சர்வர் ஒன்று 35 மில்லிவினாடியில் பதில் சொன்னால் இணைப்பு நன்றாக இருக்கிறது. உங்கள் கேட்வே 35 மில்லிவினாடி எடுத்தால் வைஃபையைப் பாருங்கள்.

ஒரு வாரம், காலையில் ஒருமுறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறையும் இந்த நான்கு பிங்கையும் ட்ரேசர்ட்டையும் ஓட்டி, எண்களைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். நெட் நன்றாக இருக்கும்போது எழுதிவைத்த அந்தப் பக்கம்தான், நெட் நின்ற அன்று பக்கத்தில் விரித்துவைத்து ஒப்பிட வேண்டிய பக்கம். எந்த வரியில் எண் மாறியிருக்கிறதோ அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.